வளன், சூசை, யோசேப்பு

தேம்பாவணியைத் திறனாய்ந்தோர் அதன் நாட்டு வருணனையைப் பேசினர்; கம்பனின் நடை அதில் எவ்வளவு கலந்துள்ளது என்று பேசினர்; சிந்தாமணியின் சாயலைத் தேடினர். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் என்று எண்ணிக்கை சொல்லப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயினும் 1726-இல் முற்றுப்பெற்ற அப்பெருங்காப்பியத்தின் முதல் துணிவு எது என்று நம்மைக் கேட்டால், அது பாட்டுடைத் தலைவனின் பெயரிலேயே இருக்கிறது என்போம். திருக்குடும்பத்தின் காவலராகிய யோசேப்பை வீரமாமுனிவர் யோசேப்பு என்று அழைக்கவில்லை. மக்கள் வாயில் அன்றே வழங்கிய சூசை என்ற பெயரிலும் நிறைவடையவில்லை. 'வளன்' என்றார்.

எபிரேய மொழியில் யோசேப்பு என்ற பெயர் 'அவர் கூட்டித் தருவாராக', 'பெருகச் செய்வாராக' என்னும் பொருளது. தொடக்க நூலின் 30-ஆம் அதிகாரத்தில், நெடுநாள் மலடியாயிருந்த ராகேல் தன் முதல் மகனைக் கையில் ஏந்தியபோது, ஆண்டவர் இன்னொரு மகனையும் தருவாராக என்ற வேண்டுதலையே அவனுக்குப் பெயராக இட்டாள். அந்த வேண்டுதலின் பொருளை எடுத்துக்கொண்டு, ஒலியை விட்டுவிட்டு, வளர்ச்சியையும் வளத்தையும் ஒருங்கே தரும் ஈரெழுத்துத் தமிழ் வேரிலிருந்து முனிவர் ஒரு பெயரை வார்த்தார். அவ்வாறே திருமுழுக்கு யோவான் அவர் காப்பியத்தில் கருணையன் ஆனார். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது யோவான் என்ற பெயரின் பொருள். கருணையன் தன் தாயை இழந்து புலம்பும் பகுதி தமிழ்நாட்டுப் பாடநூலில் இடம்பெற்றுள்ளதால், கிறித்தவரல்லாத மாணவரும் அப்பெயரை அறிந்திருக்கின்றனர்.

இதை நாம் துணிவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்க் காப்பிய மரபு பிறமொழிப் பெயரை ஏற்கும் முறை வேறு. வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தால் வழங்குக என்பது தொல்காப்பியர் விதி. கம்பன் அவ்விதிப்படியே இலட்சுமணனை இலக்குவன் ஆக்கினான். விபீஷணனை வீடணன் ஆக்கினான். ஒலி தமிழாயிற்று, பொருளைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் அரபுப் பெயர்களின் ஒலியைப் பெரிதும் காத்தே பாடினார். வீரமாமுனிவர் ஒருவரே காப்பியத் தலைவனின் பெயரைப் பொருள் வழி மொழிபெயர்த்தார். தம் பெயரிலும் அவர் அதையே கண்டிருந்தார். கொஸ்தான்சோ என்ற இத்தாலியப் பெயரின் உறுதிப்பொருள் தைரியநாதர் ஆயிற்று; பின்னர் வீரமாமுனிவர் ஆயிற்று. தனித்தமிழ் இயக்கத்தார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பெயர்களை மாற்றிக்கொண்டதைப் புதுமை என்று நாம் போற்றுகிறோம். வேதாசலம் மறைமலை ஆவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவ்வழியில் நடந்தவர் ஒருவர் இருந்தார் என்பதையும் உடன் சொல்லுதல் முறை.

ஆனால் அவ்வழியை அவர் தொடங்கவில்லை. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் காலந்தொட்டு, மதுரை மறைப்பணித்தளத்தின் பழக்கம் அது. சிறியவர் என்று இலத்தீனில் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். அருளின் பெயர் கொண்ட யோவான் அருளப்பர் ஆனார். அதே பெயரைத் தாங்கிப் போர்த்துக்கலிலிருந்து வந்து, 1693-இல் ஓரியூரில் தலைவெட்டுண்டு இறந்த ஜான் தெ பிரித்தோ அருளானந்தர் ஆனார். கிரேக்கத்தில் முடி அல்லது வாகை எனப் பொருள்படும் ஸ்தேவான் முடியப்பர் ஆனார். ஆண்மையும் வலிமையும் குறிக்கும் அந்திரேயா பெலவேந்திரர் ஆனார். பாறை எனப் பொருள்படும் பேதுரு இராயப்பர் ஆனது, கல்லைக் குறிக்கும் 'ராயி' என்ற தெலுங்குச் சொல்லால் என்பர். இப்பெயர்களில் பெரும்பாலானவற்றில் 'அப்பர்' என்ற முறைச்சொல் ஒட்டியிருப்பதை நோக்குக. மொழிபெயர்த்தவர்கள் பொருளைத் தந்ததோடு நிற்கவில்லை. உறவையும் சேர்த்துத் தந்தனர். கலிலேயாவின் மீனவரும் தர்சு நகரத்துக் கூடாரத் தொழிலாளரும் நம் வீட்டுப் பெரியவர்களாயினர்.

எல்லாம் மொழிபெயர்ப்பு என்று கொள்வதும் தவறாகும். ஞானப்பிரகாசியார் என்று நாம் வணங்கும் அலோசியுஸ் கொன்சாகாவின் பெயர், போரில் புகழ்பெற்றவன் என்னும் செருமானிய வேரிலிருந்து வந்தது. நம் முன்னோர் அப்போர்க்களத்தை ஓசையின்றி ஒதுக்கிவிட்டு, இளம் துறவியின் இயல்புக்குப் பொருந்திய புகழ்ப்பெயரைச் சூட்டினர். அவர் பிறந்த கஸ்திலியோனே நகரமே வீரமாமுனிவரும் பிறந்த ஊர் என்பது ஈண்டு நினைக்க இனியது.

மறைபரப்பாளர் மேசையில் அமர்ந்து பெயர்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, மக்கள் நாக்கு தன் வேலையைத் தனியே செய்துகொண்டிருந்தது. போர்த்துக்கீசியர் சந்தா அனா என்றனர். நம் மக்கள் மரியாளின் தாயைச் சந்தன மாதா ஆக்கிவிட்டனர். ஒலியைப் பிடித்தார்கள்; பிடித்த ஒலி மணக்கத் தொடங்கிற்று. சந்தியாகு போர்த்துக்கீசிய ஒலியோடு நின்றது. தூத்துக்குடியின் பனிமய மாதாவின் பெயரைப் பொருளால் கொண்டவரும் உண்டு. 'தஸ்நேவிஸ்' என்று ஒலியால் கொண்டவரும் உண்டு. இரண்டும் ஒரே அன்னையின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. புதுச்சேரியிலோ, இயேசு சபையாரின் பழைய சின்னப்பர் கோவில் மக்கள் வாயில் 'சம்பா கோவில்' ஆயிற்று. 'சம்பா' என்பது செந்நெல் அன்று. புனித பவுலின் ஐரோப்பியப் பெயரே தேய்ந்து அவ்வாறு ஆனது. பீடத்தில் சின்னப்பர், தெருவில் சம்பா. பேராலயம் அமலோற்பவ அன்னைக்கு உரியதாகி நெடுங்காலம் சென்றும் அத்தெருப்பெயர் மறையவில்லை.

மக்கள் நாக்கு அரசர்களையும் விட்டுவைப்பதில்லை. புதுவையின் நாட்டுப்புறத்தில், வில்லியனூர், பாகூர் வட்டாரத்து ஊர்களுள் ஒன்றாகிய பண்டசோழநல்லூரின் பெயரை எண்ணிப் பாருங்கள். சோழர் காலத்தில் அரசரின் பட்டப்பெயரோடு 'நல்லூர்' சேர்த்து ஊர்ப்பெயர் அமைப்பது வழக்கம். முதலாம் இராசேந்திரனுக்குப் 'பண்டித சோழன்' என்ற பட்டம் இருந்தது. பண்டித சோழனின் நல்லூரே உழவர் வாயில் ஓரெழுத்து உதிர்ந்து பண்டசோழநல்லூர் ஆயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும் என நமக்குத் தோன்றுகிறது. கல்வெட்டு எழுத்தர் அறிந்த பெயர் ஒன்று. ஏர் பிடித்தவர் அழைத்த பெயர் மற்றொன்று. இறுதியில் நின்றது பின்னதே.

இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால் வீரமாமுனிவரின் பெயர்களை நடுநிலையோடு மதிப்பிடலாம். கருணையன் என்ற பெயர் காப்பியத்தை விட்டு வெளியே வரவில்லை. அருளப்பன் என்று பெயரிட்ட தந்தையர் பல்லாயிரவர். கருணையன் என்று பெயரிட்டவரைத் தேடத்தான் வேண்டும். மக்கள் ஏற்கெனவே அருளப்பர் என்று மொழிபெயர்த்து வழங்கிய ஒருவருக்கு இரண்டாவது மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அது புலவரின் பெயராகவே நின்றுவிட்டது. வளனின் கதை வேறு. நெடுங்காலம் அதுவும் ஏட்டில் உறங்கியது. ஆலயங்களில் சூசையப்பரே ஆட்சி செய்தார். பின்னர், தமிழுணர்வு நம் திருச்சபையில் வலுப்பெற்ற காலத்தில், வளனார் ஏட்டிலிருந்து எழுந்து வந்தார். இன்று திருச்சியின் புகழ்பெற்ற கல்லூரி தூய வளனார் கல்லூரி. ஆலயப் பலகைகளில் புனித வளனார். பிள்ளைகளுள் வளன் என்ற பெயருடையோர் உண்டு. ஒரு புலவன் வார்த்த சொல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் திருமுழுக்குத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது என்றால், அது இலக்கியத்தின் வெற்றி. கருணையன் தோற்று வளன் வென்றமைக்குக் காரணமும் எளிது. சூசை என்ற ஒலிக்குத் தமிழில் பொருள் இல்லை. அந்த வெற்றிடத்தில் வளன் சென்று அமர முடிந்தது. அருளப்பரின் இடமோ முன்னமே நிரம்பியிருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு நம் பெயர் வரலாற்றில் ஒரு பெரும் திருப்பம். அதற்கு முந்திய கத்தோலிக்க மொழிபெயர்ப்புகளில் அருளப்பர் நற்செய்தி இருந்தது. சின்னப்பர் திருமுகங்கள் இருந்தன. இராயப்பர் மறுதலித்தார், அழுதார். புதிய மொழிபெயர்ப்பில் யோவானும் பவுலும் பேதுருவும் வந்தனர். காரணங்கள் வலியவை. பிற திருச்சபையினரோடு ஒரே மறைநூலை வாசிக்க வேண்டுமாயின், ஒருவர் இராயப்பர் என்றும் மற்றவர் பேதுரு என்றும் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. மூலமொழியின் ஒலிக்கு நெருங்கிச் செல்லுதல் இக்கால விவிலிய அறிவுக்கு உகந்தது. கலிலேயர் கலிலேயராகவே ஒலிக்க வேண்டும், அவர்களைத் தமிழ்ப் பண்ணையாராக்கக் கூடாது என்ற வாதத்திலும் நேர்மை உண்டு. அம்மொழிபெயர்ப்பு நற்பயன் விளைத்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பெயரை மொழிபெயர்த்தல் மூலத்துக்கு மாறானது என்றால், நற்செய்தியாளரே அவ்வாறு செய்திருக்கிறார். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு சீமோனுக்குக் கேபா என்று அரமேயப் பெயர் இடுகிறார். ஆசிரியர் உடனே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்துப் பேதுரு என்று தருகிறார். கேபாவும் பேதுருவும் ஒலியால் தொடர்பற்றவை, பொருளால் ஒன்று. இன்று நாம் மூல ஒலி என்று பிடித்துக்கொண்டிருக்கும் பேதுருவே ஒரு மொழிபெயர்ப்பு. அப்படியாயின், கிரேக்கருக்குப் பேதுரு செய்த பணியைத் தமிழருக்கு இராயப்பர் செய்தார் என்று சொல்வதில் பிழை என்ன? தோமாவைத் திதிம் என்று விளக்குவதும் அதே நற்செய்திதான். இரண்டும் இரட்டையர் என்றே பொருள்படும்.

இதனால் நேர்ந்த இழப்பு இலக்கிய இழப்பு மட்டுமன்று. சின்னப்பன் என்ற பெயருடைய ஒருவர் இன்று திருப்பலியில் பவுலின் திருமுகத்தைக் கேட்கிறார். அது தம் பெயருக்குரிய புனிதரின் குரல் என்பதை அவர் அறிந்திருந்தால் நல்லது; அவர் பேரன் அறிவானா? சூன் 29-ஆம் நாள் தன் பாட்டனாரின் பெயர்விழா என்று அவனுக்குச் சொல்வார் யார்? முடியப்பன், பெலவேந்திரன், சின்னப்பன் ஆகியோர் பழங்காலத்துப் பெயர் கொண்ட முதியவர்களாகத் தோன்றுகின்றனர். அவர்கள் பெயர்கள் புனிதர்களுடையவை என்ற நினைவு அவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது. அவ்விடத்தில், பொருளும் தெரியாமல் புனிதரும் இல்லாமல், எண்சோதிடர் சொற்படி ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் இடப்படும் பெயர்களைப் பற்றி நாம் அதிகம் பேச விரும்பவில்லை.

பெயரின் முன்பகுதியைப் பேசினோம். பின்பகுதியைப் பேசாமல் விட்டால் இத்திறனாய்வு பாதி உண்மையாகும். சின்னப்பனும் அருளப்பனும் தம்மளவில் சாதி சொல்லாத பெயர்கள். ஒரே தொட்டியில், ஒரே நீரில் இடப்பட்டவை. ஆயினும் அவற்றின் வாலில் பிள்ளை, முதலியார், உடையார், நாயக்கர் என்ற பட்டங்கள் தொங்கின. பட்டம் இல்லாதோர் பெயர் மொட்டையாக நின்றது. அம்மொட்டையே அவர்களின் அடையாளமாயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, புதுச்சேரிச் சின்னப்பர் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், 1745-இல் அது இடிக்கப்பட்டபோது எழுந்த பிணக்கைப் பற்றியும் சொல்கிறது. அதே ஆண்டில்தான், பிரெஞ்சு நிறுவனத்தின் துபாசியாயிருந்த கனகராய முதலியார், மறைந்த தம் மகன் வேலவேந்திரன் நினைவாக ஒழுகரையில் புனித அந்திரேயா ஆலயத்தைக் கட்டி விழா எடுத்தார். மகனின் பெயரும் ஆலயத்தின் பெயரும் ஒன்றே என்பதைப் பெலவேந்திரரை அறிந்தவர் உணர்வர். கனகராயருக்குத் திருமுழுக்குப் பெயர் பேதுரு என்று பொருள்படும் பெத்ரோ. ஆயினும் முதலியார் என்ற பட்டமே சபையில் முன் நடந்தது. அவருக்கு முன் அப்பதவியில் இருந்த குருவப்பப் பிள்ளை பாரீசில் திருமுழுக்குப் பெற்று, சார்லஸ் பிலிப் லூயி என்ற பெயரோடும் செவாலியே பட்டத்தோடும் திரும்பினார். வரலாறு அவரைக் குருவப்பர் என்றே அறியும்.

இந்த வாலை அறுக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணை, பிரெஞ்சிந்தியாவின் இந்தியர் தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழிசெய்தது. துறப்போர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். அது அவருக்கும் அவர் வழித்தோன்றலுக்கும் நிலைக்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே நமக்கு அயலானது. நம் மரபில் தந்தை பெயர் மகனுக்கு முன்னெழுத்து. பேரனுக்கு அதுவும் இல்லை. ஒரு தலைமுறைக்கு மேல் பெயர் பயணம் செய்வதில்லை. சாதிப் பட்டமே அந்தப் பயணத்தைச் செய்தது. ஆகவே, 'எத்தா சிவில்' என்று ஊரார் வழங்கிய பதிவகத்தில் எழுத்தர் முன் நின்று, பேனாவின் ஒரு கீற்றால் பட்டத்தை விட்டு வேறொரு பெயரை எழுதச் சொன்னவர், தம் வீட்டுக்குத் தாமே முதல் மூதாதை ஆனார்.

அவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீசின் உயர்நிலை நீதிமன்றம்வரை முறையிட்டு வென்றவர். துறவுப் பதிவில் அவர் கொண்ட பெயர் லப்போர்த்து. பிரெஞ்சில் கதவு என்று பொருள். பிறருக்குக் கதவைத் திறந்தவர் என்ற கருத்திலேயே அதைக் கொண்டார் என்பர். பிள்ளை என்ற பட்டத்தால் இழப்பொன்றும் இல்லாத ஒருவரே அதைத் துறந்தார் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். சண்முக முதலியார் தலைமையில் மரபைக் காக்க நின்றோர் துறவோரை எள்ளி நகைத்தனர். 1884-இல் வாக்காளர் பட்டியலிலேயே துறவோர் தனி வரிசையாகப் பிரிக்கப்பட்டனர். பெயர் மாற்றம் வெறும் மோகம் என்றால் அதற்கு இத்தனை அச்சம் ஏன்?

இன்றும் நம் எழுத்தாளர் சிலர் புதுச்சேரிக் கத்தோலிக்கரின் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களை அடிமைப் புத்தி என்று ஏளனம் செய்வதுண்டு. முத்துக்குளித்துறைப் பரதவரின் பர்னாந்து, மச்சாது, ரோச் முதலிய பெயர்களையும் அவ்வாறே பேசுவர். தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்தின் சிலைக்கு மாலை இடுவோர், அவர் பெயரைப் போர்த்துக்கீசியம் என்று கழிப்பதில்லை. பெயர் எங்கிருந்து வந்தது என்பதோடு, அது எந்தக் கதவை அடைக்கிறது, எந்தக் கதவைத் திறக்கிறது என்பதையும் திறனாய்வாளர் கேட்க வேண்டும். பட்டம் உள்ள பெயர், பட்டம் இல்லாதவரைத் திண்ணையில் நிறுத்தியது. பொருள் விளங்காத ஒரு பிரெஞ்சுப் பெயர் அவரை உள்ளே அழைத்தது. அழகியல் நோக்கில் லப்போர்த்தைவிட அருளப்பன் சிறந்த பெயர் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் 1881-இல் பதிவேட்டின் முன் நின்றவர் அழகியல் தேர்வுக்கு வரவில்லை. இங்கும் ஓர் இழப்பு உண்டு, அதை மறைக்கலாகாது. மொழிபெயர்ப்புப் பெயர் தாங்கியவரிடம் பொருள் கேட்டால் தமிழிலேயே விடை கிடைக்கும். பிரெஞ்சுக் குடும்பப் பெயருக்கு விடை பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது.

திருச்சபையே இவ்வினாவுக்கு அண்மையில் ஒரு விடை தந்தது. நீலகண்டன் என்ற பெயரோடு பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர் தேவசகாயம். கடவுள் துணைசெய்தார் எனப் பொருள்படும் இலாசர் என்ற பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. நெடுங்காலம் தேவசகாயம் பிள்ளை என்றே அவரை அழைத்தோம். முத்திப்பேறு பெற்றபோதும் அவ்வாறே. பட்டம் வேண்டாம் என்ற முறையீடு எழுந்தது. 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தபோது பிள்ளை இல்லை. தேவசகாயம் மட்டுமே இருந்தார். மொழிபெயர்ப்பு நின்றது, வால் உதிர்ந்தது. நமக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கடல் கடந்தவர்களின் கதை இதனைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. 1850-களில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து குவாதலூப்பு, மார்த்தினிக்குத் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டோருக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. தீவின் எழுத்தருக்கோ இரண்டு கட்டங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. முத்துசாமி, இராமசாமி, வீரப்பன், சிதம்பரம் என்ற தனிப்பெயர்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழுந்து அங்கேயே உறைந்தன. பிள்ளைகள் திருமுழுக்குப் பெற்றபோது முன்பெயர் பிரெஞ்சாயிற்று. குவாதலூப்பு இந்தியரின் குடியுரிமைக்காக 1904 முதல் வழக்காடி 1923-இல் வென்றவர் ஆன்றி சிதம்பரம். அத்தீவின் சார்பில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்த எழுத்தாளர் எர்னெஸ்து முத்துசாமி. முன்னது பிரெஞ்சு, பின்னது தமிழ். புதுச்சேரியிலோ பொன்னுத்தம்பி லப்போர்த்து: முன்னது தமிழ், பின்னது பிரெஞ்சு. ஒரே அரசின் இரு பதிவேடுகள் ஒரே மக்களை எதிரெதிர்த் திசையில் பெயர்த்தன. இங்கு தேர்ந்தெடுத்தவர் மனிதர். அங்கு தேர்ந்தெடுத்தது கட்டம். தம் முப்பாட்டனாரின் மொழியை முற்றும் இழந்த அத்தீவினர் இன்று தமிழகத்துக்கு வந்து கையில் வைத்துக் காட்டும் ஒரே தமிழ்ச்சொல் தம் குடும்பப் பெயராக இருக்கக் காண்கிறோம். எழுத்தரின் பிழை காப்பாற்றியது என்று மகிழ்வதா, வருந்துவதா என்று நமக்குத் தெளிவாகவில்லை.

இதற்கு நடுவே நம் வில்லியனூரையும் நினைத்துக்கொள்வோம். 1858-இல் பிரான்சின் ஒரு மலைக்குகையில் நிகழ்ந்த காட்சி, 1877-இல் அங்கிருந்து வந்த சுருபத்தோடு சங்கராபரணி ஆற்றங்கரை ஊரில் குடியேறிற்று. ஒரு தலைமுறைக்குள் ஓர் அயல்நாட்டு ஊரின் பெயர் நம் ஆண்களுக்கு லூர்துசாமியாகவும் பெண்களுக்கு லூர்து மேரியாகவும் ஆயிற்று. ஊர்ப்பெயர் ஆட்பெயராதல் தமிழுக்குப் புதிதன்று. பழனியும் சிதம்பரமும் மதுரையும் ஆட்களாக நம்மிடையே நடமாடுகின்றனர். லூர்து அந்த வரிசையில் இடர்ப்பாடின்றிச் சென்று நின்றுகொண்டது. இதனை எந்தப் புலவரும் திட்டமிடவில்லை. எந்த ஆணையும் கட்டளையிடவில்லை. நம் பெயர்களுள் மிகவும் வெற்றிகரமான தமிழாக்கம் எது என்று போட்டி வைத்தால், வளனுக்கு எதிராக லூர்துசாமியை நிறுத்த நாம் தயங்கமாட்டோம்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் பெயர் பற்றிய ஒரு பூசல் உண்டு. எலிசபெத்தின் மகனுக்கு எட்டாம் நாள் பெயரிட வந்த உறவினர் தந்தையின் பெயரையே இட முனைகின்றனர். தாய் மறுக்கிறார். உன் உறவினருள் இப்பெயர் உடையவர் எவரும் இல்லையே என்று அவர்கள் வாதிடுகின்றனர். பேச்சிழந்த தந்தை எழுதுபலகை கேட்டு, குழந்தையின் பெயர் யோவான் என்று எழுதுகிறார். குடும்ப வரிசையை மீறி இடப்பட்ட பெயர் அது. அருள் என்ற பொருள் உடையது. பொன்னுத்தம்பியைப் படிக்கும்போதும் தேவசகாயத்தைப் படிக்கும்போதும் அந்த எழுதுபலகை நம் நினைவுக்கு வருகிறது. உறவினரின் வாதமோ நாம் நன்கறிந்ததே. நம் ஊர்களில் ஒவ்வொரு பெயரிடு விழாவிலும் அது கேட்கிறது.

நம் பங்குகளில் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் கரையான் அரிக்குமுன் செய்யத்தக்க சிறு பணி ஒன்று உண்டு. இளைஞர் இயக்கத்தார் நால்வர் அமர்ந்து, அவற்றிலுள்ள பெயர்களை மட்டும் படியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே திருவிவிலியத்தின் பெயரை எழுதலாம்: சின்னப்பர், பவுல், முடியப்பர், ஸ்தேவான், பெலவேந்திரர், அந்திரேயா. யாருடைய பட்டத்தையும் படியெடுக்க வேண்டியதில்லை. சூசை வரும் பக்கத்தில் மட்டும் சற்று இடம் விட வேண்டும். அங்கே யோசேப்பையும் வளனையும் எழுதிய பின், ழொசேப் என்பதற்கும் ஜோசப் என்பதற்கும் புதுச்சேரியார் இடம் கேட்பர்.